கொத்துச்சாவி யார் இடுப்பில்?

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பிரிவு)



பழைய கூட்டுக்குடும்ப வீடுகளில் கொத்துச்சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பதை வைத்தே அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று சொல்லிவிடலாம். மாமியார் இடுப்பிலிருந்து மருமகள் இடுப்புக்கு அது மாறுவதற்குள் எத்தனை சண்டை, எத்தனை கண்ணீர்! நெல் கொட்டி வைத்த அறை, நகைப் பெட்டி, ஊறுகாய் ஜாடி இருக்கும் அலமாரி, எதுவும் அந்தக் கொத்து இல்லாமல் திறக்காது. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த வீட்டில் ஏதாவது காணாமல் போனால் கொத்துச்சாவி வைத்திருப்பவர் மேல் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். பாத்திரம் தேய்க்க வரும் அக்கா மேல்தான் பழி விழும்.

கம்ப்யூட்டர் உலகத்திலும் ஒரு கொத்துச்சாவி இருக்கிறது. அதற்குப் பெயர் எஸ்.எஸ்.எச். சாவி. அதை யார் கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும், எத்தனை நாளைக்குக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் பெரிய கம்பெனி இன்ஜினியர்களின் கவலை, டிப்ளமோக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்த விஷயத்தில் முதல் அடி வாங்கப் போவதே நாம்தான் என்பது என் கருத்து. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் நண்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்றைக்கு மில்லில் ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்து கணக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறதே, அப்படிப்பட்ட பெட்டிகள் பலவற்றின் உள்ளே இருப்பது லினக்ஸ்தான். அதற்குள் போகிற வாசலும் இதே எஸ்.எஸ்.எச்.தான்.

முதலில் கொஞ்சம் கதை. தூரத்தில் இருக்கும் ஒரு கணிப்பொறியை இங்கே உட்கார்ந்தபடி இயக்குவதற்கு முன்பெல்லாம் டெல்நெட் என்ற ஒன்றுதான் பெரும்பாலும் பயன்பட்டது. அதில் நாம் அடிக்கிற பாஸ்வேர்டு கம்பி வழியே எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே போகும். நடுவழியில் ஒட்டுக்கேட்கிறவனுக்குக் கொண்டாட்டம். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் 1995-இல் அப்படித்தான் நடந்தது; எவனோ உட்கார்ந்து பாஸ்வேர்டுகளை வடிகட்டி எடுத்திருக்கிறான். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு யூலோனென் அந்தக் கோபத்தில் எழுதிய புரோகிராம்தான் 'செக்யூர் ஷெல்', அதாவது எஸ்.எஸ்.எச். அதே ஆண்டு ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். டெல்நெட்டுக்கு போர்ட் எண் 23, கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி.க்கு 21. நடுவில் 22 காலியாக இருப்பதைப் பார்த்து ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டார், கிடைத்துவிட்டது! இப்போது ஒரு போர்ட் எண்ணுக்கு எத்தனை படிவம் கேட்பார்களோ! பிறகு 1999-இல் ஓபன் பி.எஸ்.டி. குழுவினர் 'ஓபன் எஸ்.எஸ்.எச்.' என்ற பெயரில் எல்லாரும் எடுத்து ஆளும்படி ஒன்றை உருவாக்கினார்கள். இன்று நம் லேபில் இருக்கும் லினக்ஸிலும் அதுதான் இருக்கிறது.

இதில் பாஸ்வேர்டு போட்டும் நுழையலாம், சாவி போட்டும் நுழையலாம். சாவி என்றால் ஒரு ஜோடி. ஒன்று தனிச்சாவி, மற்றது பொதுச்சாவி. பொதுச்சாவி என்ற பெயரே கொஞ்சம் குழப்பும். அதைத் திண்டுக்கல் பூட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. ஒரே மாதிரிப் பூட்டை எத்தனை கதவில் வேண்டுமானாலும் கொண்டுபோய் மாட்டலாம். பூட்டை யார் பார்த்தாலும் நஷ்டமில்லை. திறக்கிற சாவி மட்டும் உங்கள் பையில் இருக்கும், அது வெளியே வரவே கூடாது. சர்வரில் 'ஆத்தரைஸ்டு கீஸ்' என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் ஒரு வரி என்பது ஒரு பூட்டு. எந்தப் பூட்டுக்குச் சாவி வைத்திருப்பவன் வந்தாலும் உள்ளே விட்டுவிடும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாஸ்வேர்டை விட இது எத்தனையோ மடங்கு பலம். அப்புறம் எங்கே கோளாறு வருகிறது?

அந்தக் கோப்பில் சேர்ப்பது சுலபம். எடுப்பதற்குத்தான் ஆள் இல்லை. ஒருவன் வேலைக்குச் சேர்ந்தால் அன்றைக்கே அவன் வரியைச் சேர்த்துவிடுவார்கள், ஏனென்றால் சேர்க்காவிட்டால் வேலை நடக்காது. அவன் விலகிப் போனால் வரியை எடுக்காவிட்டாலும் எல்லாம் ஓடும். ஓடுகிற வண்டியை எவன் நிறுத்திப் பார்ப்பான்? அந்தச் சாவிக்குக் காலாவதித் தேதியும் கிடையாது. மாத்திரை அட்டைக்குக்கூடத் தேதி இருக்கிறது! வரியின் கடைசியில் ஒரு பெயர் மாதிரி ஏதோ இருக்கும், ஆனால் அது வெறும் குறிப்பு. நான் அங்கே உங்கள் பெயரை எழுதி வைத்தாலும் கம்ப்யூட்டர் ஏன் என்று கேட்காது.

இதைவிட மோசம், ஒரே தனிச்சாவியைப் பலபேர் பங்குபோட்டுக்கொள்வது. "இந்தாப்பா, இதுதான் சர்வர் சாவி, பத்திரமா வச்சுக்க" என்று பென் டிரைவிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பிவிடுவார்கள். வேலைக்குப் போன நம் சீனியர் அண்ணன்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் சிரிப்பார்கள். அப்படி வேலைக்குப் போன ஒருவரின் கதையைச் சொல்கிறேன். ஊரும் கம்பெனியும் வேண்டாம். ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்தவர். சர்வரைப் பார்த்துக்கொள்கிற ஆறு பேருக்கும் ஒரே சாவி. ஒரு நாள் ராத்திரி ஒரு முக்கியமான கோப்பை யாரோ அழித்துவிட்டார்கள். காலையில் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தால் 'ரூட் உள்ளே வந்தார்' என்று மட்டும் இருக்கிறது. ரூட் யார்? ஆறு பேரும் ரூட்தான். நான்கு பேர் நிரந்தர ஊழியர்கள், ஒருவர் மேனேஜர், மீதி இவர். அந்த மாதக் கடைசியில் யாருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று நான் சொல்ல வேண்டுமா?

அவர் செய்தாரா இல்லையா என்பதற்கு ஆதாரம் கிடையாது. செய்யவில்லை என்பதற்கும் ஆதாரம் கிடையாது. கஷ்டமே அங்கேதான். பொதுச் சாவி வைத்திருக்கிற இடத்தில் 'நான் இல்லை' என்று சொல்கிறவனுக்குச் சாட்சி சொல்ல ஒரு வரிகூட இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் சந்தேகம் எப்போதும் மேலிருந்து கீழே பாயும். கீழே யார் இருக்கிறோம்? நாம்தான் இருக்கிறோம்.

நம் நாட்டில் இதற்குச் சட்டரீதியான அழுத்தமும் வந்துவிட்டது. கணிப்பொறிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று சில கட்டளைகளை வெளியிட்டது. குறிப்பிட்ட வகைத் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் பத்திரப்படுத்த வேண்டும். கணிப்பொறிகளின் கடிகாரங்களைச் சரியான நேரத்தோடு ஒத்துப்போகச் செய்ய வேண்டும். நல்ல கட்டளைகள்தான். ஆனால் 180 நாள் பதிவேட்டிலும் 'ரூட், ரூட், ரூட்' என்றே எழுதியிருந்தால் அதை வைத்து என்ன செய்வது? எடைக்குப் போடலாம்!

வேலையை விட்டுப் போனவருக்கும் வாசல் திறந்தே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் கோர்ட் வரை போன வழக்கு ஒன்று உண்டு. நம் நெட்வொர்க் லேபில் படிக்கிற அதே சிஸ்கோ கம்பெனி. அங்கிருந்து 2018 ஏப்ரல் வாக்கில் ராஜினாமா செய்த ஓர் இன்ஜினியர், அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று, அதாவது ஐந்து மாதம் கழித்து, அவர்களுடைய கிளவுட் அமைப்புக்குள் நுழைந்து 456 சர்வர்களை அழித்தார். 16,000-க்கும் மேற்பட்ட வெப்எக்ஸ் கணக்குகள் நின்றுபோயின. 2020 டிசம்பரில் அவருக்கு 24 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. நெட்வொர்க் பாதுகாப்பையே விற்கிற கம்பெனிக்கு இந்தக் கதி. போனவனிடமிருந்து சாவியை வாங்க ஐந்து மாதம் போதவில்லை.

எத்தனை சாவி வெளியே இருக்கிறது என்ற கணக்கே இல்லாததால் வருகிற வினை இது. 2008 மே மாதம் டெபியன் லினக்ஸில் ஒரு பிழை வெளியே தெரிந்தது. 2006-லிருந்து அதில் உருவான சாவிகள் எல்லாம் மொத்தம் 32,767 சாவிகளுக்குள் அடங்கிவிடும் அளவுக்குப் பலவீனமானவை! ஒவ்வொரு அளவுக்கும் அவ்வளவுதான். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாலே பூட்டு திறந்துவிடும். உலகம் முழுக்க சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் 'எங்கே எங்கே யாருடைய சாவி இருக்கிறது' என்று கோப்பு கோப்பாகத் தேடினார்கள். 2015-இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், எஸ்.எஸ்.எச். சாவிகளை நிர்வகிப்பது பற்றித் தனியாக ஓர் அறிக்கையே போட்டது. அதை எழுதியவர்களில் ஒருவர் நம் யூலோனென். பிள்ளையைப் பெற்றவரே 20 வருஷம் கழித்து வளர்ப்பைப் பற்றிக் கவலைப்பட்டு எழுத வேண்டியதாயிற்று.

இதுவரை ஆளைப் பற்றிப் பேசினோம். மெஷினுக்கும் சாவி உண்டு, அதைப் பலபேர் யோசிப்பதே இல்லை. சர்வர் நம்மைச் சோதிப்பதுபோல் நாமும் சர்வரைச் சோதிக்க வேண்டாமா? பாங்க்காரர் நம்மிடம் கையெழுத்து கேட்பது சரி, அது நிஜமான பாங்க்தானா என்று நாம் பார்க்க வேண்டாமா? முதன்முதலாக ஒரு சர்வருக்குப் போகும்போது திரையில் நீளமாக ஓர் அடையாளக் குறி வரும். 'இது யாரென்று உறுதிசெய்ய முடியவில்லை, தொடரலாமா?' என்று கேட்கும். நாம் என்ன செய்கிறோம்? படிக்காமலே 'யெஸ்' அடிக்கிறோம். லேபில் யாராவது அந்தக் குறியை ஒப்பிட்டுப் பார்த்து நான் பார்த்ததில்லை. "யெஸ் அடி மாப்ள, அது அப்படித்தான் கேக்கும்" என்பதுதான் நாம் வழிவழியாகக் கற்றுக்கொள்கிற பாடம்.

உலகத்து புரோகிராமர்கள் பாதிப் பேர் தங்கள் வேலையைப் போட்டுவைக்கிற கிட்ஹப் தளத்தில் 2023 மார்ச் மாதம் ஒன்று நடந்தது. அவர்களுடைய சர்வரின் ஆர்.எஸ்.ஏ. தனிச்சாவி தவறுதலாக, எல்லாரும் பார்க்கக்கூடிய ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டது. மார்ச் 24 அன்று சாவியை மாற்றினார்கள். அன்றைக்கு எத்தனையோ பேர் திரையில் 'சர்வரின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ கெடுதல் செய்யக்கூடும்' என்று கொட்டை எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அந்த நேரத்தில் நிஜமாகவே ஒரு திருடன் நடுவில் நின்றிருந்தால் அவனுக்கும் இதே எச்சரிக்கைதான் வந்திருக்கும். கிட்ஹப் அறிவித்த புதிய குறியைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

நமக்குப் பக்கத்தில் நடக்கிற விஷயத்துக்கு வருகிறேன். புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் திருச்சி. அங்கே என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டரைத் தொடங்கி வைத்தார்கள். 838 டெராஃப்ளாப்ஸ் வேகம். தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் சி-டாக் அமைத்தது. இப்படிப்பட்ட மெஷின் பக்கத்தில் யாரும் கீபோர்டு வைத்து உட்காருவதில்லை. ஆராய்ச்சியாளர்கள் எங்கிருந்தோ எஸ்.எஸ்.எச். வழியாகத்தான் உள்ளே போவார்கள். உலகத்தில் எந்த சூப்பர் கம்ப்யூட்டர் மையத்திலும் அதுதான் வழக்கம்.

2020 மே மாதம், கொரோனா காலத்தில், ஐரோப்பாவில் இப்படிப்பட்ட மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் 'ஆர்ச்சர்' மே 11 அன்று நின்றது. ஜெர்மனியில் பல மையங்கள், சுவிட்சர்லாந்தில் ஒன்று. பூட்டை யாரும் உடைக்கவில்லை. ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஏதோ ஓர் ஆராய்ச்சியாளரின் எஸ்.எஸ்.எச். சாவியும் பாஸ்வேர்டும் திருடு போயிருக்கிறது. அந்த ஆளுக்கு இரண்டு மூன்று மையங்களில் கணக்கு இருக்கும். அங்கிருந்து அடுத்த ஆள், அடுத்த மையம். சில இடங்களில் கிரிப்டோ நாணயம் தோண்டும் புரோகிராமைப் போட்டிருந்தார்கள். கொரோனா பற்றிய ஆராய்ச்சிக் கணக்குகள் ஓட வேண்டிய நேரத்தில் மெஷின்கள் நின்றன. ஆர்ச்சரில் பழைய பாஸ்வேர்டுகளும் சாவிகளும் எல்லாருக்கும் சேர்த்தே செல்லாமல் ஆக்கப்பட்டன. யாருடைய சாவி கெட்டது என்று பிரித்துப் பார்க்க முடியாதபோது ஊருக்கே பூட்டை மாற்றத்தானே வேண்டும்?

சரி, வழி என்ன? வழியைச் சொல்ல நம்ம ஊர்க் காசு ஒன்று எனக்கு உதவும். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அம்மன் காசு என்று ஒன்று புழங்கியது, தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைகிற வரை இந்த ஊருக்கென்று தனிக்காசு அது. சந்தையில் உட்கார்ந்து கத்தரிக்காய் விற்கிற ஆத்தா, காசு நீட்டுகிற ஆளை விசாரிக்கவில்லை. ஒவ்வொரு காசுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து ஒப்பிட்டும் பார்க்கவில்லை. முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள், மடியில் போட்டுக்கொண்டாள். ஆயிரக்கணக்கான காசை நம்ப ஒரு முத்திரை தெரிந்திருந்தால் போதும்.

ஓபன் எஸ்.எஸ்.எச்.சில் 2010 மார்ச்சில் வந்த 5.4 பதிப்பிலிருந்து இந்த முத்திரை வசதி இருக்கிறது. சான்றிதழ் என்று பெயர். வேலை செய்கிற விதம் இதுதான். கல்லூரியில் ஒரே ஒரு கணிப்பொறியில் முத்திரைச் சாவி என்ற ஒரு ஜோடி இருக்கும். நான் என் சாவி ஜோடியை நானே உருவாக்குவேன், தனிச்சாவி என்னை விட்டுப் போகாது. பொதுச்சாவியை மட்டும் அங்கே அனுப்புவேன். அங்கே என் பெயர், நான் எந்த எந்தக் கணக்கில் நுழையலாம், எத்தனை மணி வரை செல்லும் என்பதையெல்லாம் எழுதி முத்திரை குத்தித் தருவார்கள். லேபில் இருக்கிற ஒவ்வொரு மெஷினிலும் 'இந்த முத்திரையை நம்பு' என்று ஒரே ஒரு வரி. என் பெயரே அந்த மெஷினுக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் நுழைந்தால் பதிவேட்டில் 'ரூட்' என்பதோடு என் சான்றிதழில் இருக்கிற பெயரும் வரிசை எண்ணும் விழும். ஆறு பேர் ரூட்டாக நுழைந்தாலும் யார் எப்போது வந்தார்கள் என்பது தெளிவாக இருக்கும். மெஷின்களுக்கும் அதேபோல் இன்னொரு முத்திரை. அதை நம் பக்கத்தில் ஒரு வரியாக எழுதி வைத்துவிட்டால் அந்த 'யெஸ்' கேள்வியே வராது. வந்தால் அன்றைக்கு நிஜமாகவே ஏதோ தப்பு என்று அர்த்தம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலாண்டு எல்லாருக்கும் பொதுப்பாடம், விடுங்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் ஆளுக்கு 60 வீதம் 120 பேர். லேபில் 30 கணிப்பொறி. எல்லாரும் எல்லா மெஷினிலும் நுழைய வேண்டும் என்றால் 3,600 வரிகள். ஒவ்வொரு ஜூன் மாதமும் பாஸாகிப் போன 60 பேரின் 1,800 வரிகளைத் தேடி எடுத்து, புதிதாக 1,800 வரிகள் எழுத வேண்டும். எந்த லேப் அசிஸ்டென்ட் சாருக்கு இதற்கு நேரம் இருக்கிறது? முத்திரை முறையில் மெஷினுக்கு ஒரு வரி, மொத்தம் 30. மாணவன் கல்லூரியை விட்டுப் போனால் ஒன்றும் செய்ய வேண்டாம். அவனுக்கு மறுபடி முத்திரை குத்தமாட்டோம், சான்றிதழ் தானாகச் செத்துப்போகும். அவசரமாக ஒருவரை நிறுத்த வேண்டும் என்றால் செல்லாத சாவிகளின் பட்டியல் ஒன்றை மெஷின்களுக்கு அனுப்பும் வசதியும் உண்டு.

வேறு வழிகளும் இருக்கின்றன. எல்லார் பொதுச்சாவியையும் மையத்தில் ஒரு டைரக்டரியில் வைத்து, யாராவது வரும்போது மெஷின் அங்கே கேட்டுக்கொள்ளும்படி செய்யலாம். மைய சர்வர் படுத்துவிட்டால் எல்லாமே படுத்துவிடும் என்பதால் நம் ஊர் கரண்டுக்கு அது அவ்வளவாகச் சரிவராது என்பது என் அபிப்பிராயம். முத்திரை முறையில் சான்றிதழ் கையில் இருக்கிற வரை மையக் கணிப்பொறி அணைந்து கிடந்தாலும் கவலை இல்லை.

ஆனால் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும்! காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை செல்லும் என்று சான்றிதழில் எழுதியிருக்கும். மெஷினின் போர்டில் இருக்கிற பட்டன் பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் தேதி பல வருஷம் பின்னால் ஓடிவிட்டால்? 'இந்தச் சான்றிதழ் செல்லும் காலம் இன்னும் வரவில்லை' என்று வெளியே தள்ளிவிடும். எந்த லேபிலும் இப்படி நாலைந்து கிழட்டு மெஷின்கள் இல்லாமல் இருக்காது. செர்ட்-இன் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னது எவ்வளவு நியாயம் என்று இங்கே புரியும்.

எதிர்ப்பேச்சு இல்லாமல் இல்லை. முத்திரை ஒன்றே திருடு போனால்? கள்ளக்காசு அடிக்கிறவன் கையில் அச்சே கிடைத்த மாதிரிதான். மறுக்க முடியாது. எல்லா முட்டையும் ஒரே கூடையில் இருப்பது நிஜம். அதனால்தான் முத்திரைக் கணிப்பொறியை இணையத்தோடு சேர்க்காமல், பீரோவுக்குள் வைத்துப் பூட்ட வேண்டும் என்கிறேன். 3,600 வரிகளைக் காவல் காப்பதைவிட ஒரு பெட்டியைக் காவல் காப்பது நடக்கிற காரியம். குறைந்த நேரச் சான்றிதழிலும் ஓட்டை உண்டு: எட்டு மணி நேரச் சாவியைத் திருடியவன் அந்த எட்டு மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம். ஆனால் ஐந்து மாதம் கழித்து வர முடியாது.

இன்னொரு பேச்சு, நம் சங்கத்துத் தோழர்களே கிளப்பியது. "எல்லாத்தையும் மையத்துல கொண்டுபோய் வச்சா நிர்வாகம் நம்மளக் கண்காணிக்கத்தான செய்யும்? யாரு எப்ப உள்ள வந்தான்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்களே?" நியாயமான கேள்வி. மையம் என்றாலே நமக்கு ஒரு பயம், அதற்குக் காரணங்களும் இருக்கின்றன. என் பதில் இது: யார் எப்போது வந்தார் என்ற பதிவு இப்போதும் இருக்கிறது, பெயர்தான் இல்லை. பெயர் இல்லாத பதிவு நிர்வாகத்துக்கு எப்போதும் வசதி, யார் பெயரை வேண்டுமானாலும் அதில் எழுதிக்கொள்ளலாம். ஒப்பந்தம் போன அந்த அண்ணனுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது அவர் பெயர் இல்லாத ஒரு வரி, அதுவும் வேறொருவர் பெயர் இருக்கிற வரி. அதனால் மையத்தை வேண்டாம் என்று சொல்வதைவிட, மையத்தில் நமக்கும் கண் வேண்டும் என்று கேட்பதுதான் சங்கத்தின் வேலை என்று நினைக்கிறேன். முத்திரை குத்துகிறவர் யார் யாருக்கு எப்போது குத்தினார் என்ற நோட்டு ஒன்று வேண்டும், அதை மாணவப் பிரதிநிதி பார்க்க உரிமை வேண்டும். கொத்துச்சாவி யார் இடுப்பில் வேண்டுமானாலும் இருக்கட்டும், எத்தனை சாவி என்று எண்ணிப் பார்க்க எல்லாருக்கும் முடிய வேண்டும்.

பணம் ஒரு தடையே இல்லை. தேவையான கட்டளை எல்லாம் ஓபன் எஸ்.எஸ்.எச்.சோடு வருகிற 'கீஜென்' புரோகிராமிலேயே இருக்கிறது, விலை பூஜ்யம். முத்திரை குத்த ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கிற பழைய மெஷின் ஒன்று போதும்.

ஆகவே நம் துறைத்தலைவர் அவர்களிடம் சங்கத்தின் சார்பில் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும் என்று இந்த மலரின் வழியாக முன்வைக்கிறேன். வரும் பருவத்திலிருந்து லேபில் பொதுப் பாஸ்வேர்டையும் பொதுச் சாவியையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மாணவருக்கும் அவரவர் பெயரில் அன்றன்றைக்குச் செல்லும் சான்றிதழ் தர வேண்டும். முத்திரை மெஷின் இருக்கும் பீரோவுக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி சாரிடம், மற்றது மேடத்திடம். மூன்றாவது, பாடத்திட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, பிராக்டிகல் நோட்டில் இதற்கு ஒரு எக்ஸ்பெரிமென்ட். நேர்முகத் தேர்வில் போய் உட்காரும்போது "சர்வருக்கு எப்படி நுழைவாய்?" என்று கேட்டால், பொதுச் சாவியைக் கொடுத்தால் எனக்கு வேண்டாம், என் பெயரில் தாருங்கள் என்று சொல்லத் தெரிந்த பையனாக, பெண்ணாக நாம் வெளியே போக வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

வியாழக்கிழமை கடைசி பீரியடுக்கு மேல் இரண்டு மெஷினில் இதைப் போட்டுப் பார்க்கலாம் என்று லேப் அசிஸ்டென்ட் சார் வாய்மொழியாக அனுமதி தந்திருக்கிறார். வர விரும்புகிறவர்கள் மூன்றாம் ஆண்டு வகுப்பில் பெயர் கொடுங்கள். வரும்போது ஆளுக்கு ஒரு சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி வாங்கி வந்தால் அந்தக் கிழட்டு மெஷின்களின் தேதியையும் அன்றைக்கே சரிசெய்துவிடலாம்.